ரயிலில் நாடு விட்டு நாடு போகிறீர்களா? பாஸ்போர்ட் சோதனையையும் கஸ்டம்ஸையும் சமாளிக்கும் வழி

விமானத்தில் போகிறவர்களுக்குச் சோதனை எங்கே நடக்கும் என்பதில் குழப்பமே வராது. கிளம்பும் ஏர்போர்ட்டில் ஒரு முறை, இறங்கும் ஏர்போர்ட்டில் ஒரு முறை, முடிந்தது. ரயிலில் அப்படி ஒரே முறை கிடையாது. சில ரயில்களில் ஏறுவதற்கு முன்னாலேயே இரண்டு நாட்டுச் சோதனையும் முடிந்துவிடும், சிலவற்றில் நடுராத்திரியில் மூட்டை முடிச்சோடு எல்லோரையும் கீழே இறக்குவார்கள், சிலவற்றில் நீங்கள் சீட்டில் உட்கார்ந்திருக்க அதிகாரிகளே உங்களைத் தேடி வருவார்கள், வேறு சிலவற்றில் யாருமே வராமல் போகவும் கூடும். அதனால் டிக்கெட் எடுக்கும் முன்பே முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, நீங்கள் போகிற ரயிலில் சோதனை எந்த இடத்தில் நடக்கிறது என்பதைத்தான். அது தெரிந்துவிட்டால் ஸ்டேஷனுக்கு எத்தனை மணிக்குப் போவது, பையை எங்கே வைப்பது, நிம்மதியாகத் தூங்கலாமா என்பதெல்லாம் தானாகவே தெளிவாகிவிடும்.

சோதனை எங்கே நடக்கிறது?

ஏறும் முன்பே எல்லாம் முடிகிற வகைக்கு நல்ல உதாரணம் லண்டன் - பாரிஸ் யூரோஸ்டார். லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் ஸ்டேஷனுக்குள்ளேயே பிரெஞ்சு எல்லைப் போலீஸ் கவுன்ட்டர் போட்டு உட்கார்ந்திருக்கிறது, பாரிஸ் கார் து நோர் ஸ்டேஷனில் பிரிட்டிஷ் அதிகாரிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தப் பக்கம் இரண்டையும் முடித்துவிட்டால் அந்தப் பக்கம் பாஸ்போர்ட் வரிசை இல்லை. ஆனால் கஸ்டம்ஸ்காரர்கள் இறங்குமிடத்திலும் உங்கள் பையைத் திறக்கச் சொல்லலாம், அதை மறந்துவிடாதீர்கள். ஹாங்காங்கின் வெஸ்ட் கவுலூன் ஸ்டேஷனிலும் 2018 செப்டம்பர் முதல் இதே ஏற்பாடுதான், ஸ்டேஷனுக்குள்ளேயே ஒரு பகுதியில் சீனப் பெருநிலத்தின் சட்டம் நடக்கிறது, அந்தக் கோட்டைத் தாண்டினால் ரயில் நகராவிட்டாலும் நீங்கள் அந்தப் பக்கம் போய்விட்டதாகத்தான் கணக்கு. சிங்கப்பூர் உட்லண்ட்ஸிலிருந்து ஜோகூர் பாரு போகும் ஷட்டில் தெப்ராவ் ரயிலில் பயண நேரமே சுமார் 5 நிமிடம்தான், அதற்கு முன் உட்லண்ட்ஸிலேயே சிங்கப்பூர், மலேசியா இரண்டு சோதனையும் முடிந்துவிடும். திரும்பி வரும்போது அப்படியில்லை, மலேசியாவிலிருந்து வெளியேறும் சோதனை ஜோகூர் பாருவின் ஜேபி சென்ட்ரல் ஸ்டேஷனில், சிங்கப்பூருக்குள் நுழையும் சோதனை உட்லண்ட்ஸில். போகும்போது எப்படியோ வரும்போதும் அப்படியே இருக்கும் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

இந்த வகை ரயில்களில் ஒரே ஆபத்து நேரம்தான். உள்நாட்டு ரயில் மாதிரி கடைசி ஐந்து நிமிடத்தில் ஓடிப் போய் ஏற முடியாது. யூரோஸ்டாரில் சாதாரண வகுப்புப் பயணிகளுக்கு ரயில் கிளம்ப 30 நிமிடத்துக்கு முன்பே கேட் மூடிவிடும், அதுவும் கேட்டைத் தாண்டின பிறகுதான் பாதுகாப்புச் சோதனை, பாஸ்போர்ட் வரிசை எல்லாம். ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போய்விடுவது நல்லது.

எல்லை ஸ்டேஷனில் இறக்கிச் சோதிக்கிற வகை அடுத்தது. மலேசியா - தாய்லாந்து எல்லையில் பாடாங் பெசார் ஸ்டேஷனில் இரண்டு நாட்டு இமிகிரேஷனும் ஒரே கட்டடத்தில் இருக்கிறது. லாவோஸ் - சீனா ரயிலில் (2023 ஏப்ரலில்தான் எல்லை தாண்டும் பயணிகள் சேவை தொடங்கியது) லாவோஸ் பக்கம் போத்தேனில் ஒரு முறை, சீனப் பக்கம் மோஹானில் இன்னொரு முறை எல்லாச் சாமான்களோடும் இறங்கி ஏற வேண்டும். சோஃபியா - இஸ்தான்புல் ராத்திரி ரயிலில் துருக்கிக்குள் நுழைந்ததும் கப்பிகுலே ஸ்டேஷனில் எல்லோரும் இறங்கி, வரிசையில் நின்று முத்திரை வாங்கி, பைகளை ஸ்கேனரில் போட்டு எடுத்துத்தான் திரும்ப ஏற முடியும்.

ரயிலுக்குள்ளேயே வந்து பார்ப்பது பழைய முறை, இன்னும் நிறைய இடத்தில் இருக்கிறது. சீனாவிலிருந்து மங்கோலியா போகும்போது சீன எல்லை ஸ்டேஷனான எர்லியானில் பெட்டிகளைத் தூக்கிச் சக்கரத் தொகுதியையே மாற்றுவார்கள், சீனத் தண்டவாளம் 1,435 மில்லிமீட்டர் அகலம், மங்கோலியத் தண்டவாளம் 1,520. சோதனையோடு இதுவும் சேர்வதால் மணிக்கணக்கில் நிற்கும். இப்படி நிற்கும் இடங்களில் பல ரயில்களில் டாய்லெட்டைப் பூட்டிவிடுவார்கள். எல்லை வருவதற்கு அரை மணி முன்னாலேயே போய்வந்துவிடுங்கள், குழந்தைகளையும் எழுப்பிக் கூட்டிப் போங்கள்.

கடைசி வகை, சோதனையே இல்லாத மாதிரி தெரிகிற எல்லைகள். ஷெங்கன் நாடுகளுக்கு (தங்களுக்குள் எல்லைச் சோதனையை எடுத்துவிட்ட ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) இடையே நிரந்தரப் பாஸ்போர்ட் கவுன்ட்டர் கிடையாது, அதை நம்பிப் பாஸ்போர்ட்டை ஹோட்டல் அறையில் வைத்துவிட்டு பக்கத்து நாட்டுக்கு ஒருநாள் போய்வரலாம் என்று கிளம்புகிறவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். ஜெர்மனி 2024 செப்டம்பர் முதல் தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை வைத்திருக்கிறது, கோபன்ஹேகனிலிருந்து பாலம் தாண்டி வரும் ரயில்களில் ஸ்வீடன் பக்கத்து முதல் ஸ்டேஷனான ஹில்லியில் போலீஸ் ஏறிப் பார்ப்பதும் வழக்கம். போனில் இருக்கும் பாஸ்போர்ட் போட்டோ அடையாளத்துக்கு உதவலாம், ஆவணமாகச் செல்லாது.

ஆளைப் பார்ப்பது வேறு, சாமானைப் பார்ப்பது வேறு

பாஸ்போர்ட் பார்க்கிறவரும் பையைப் பார்க்கிறவரும் ஒரே ஆள் இல்லை, ஒரே சட்டமும் இல்லை. இதைப் பிரித்துப் புரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். சுவிட்சர்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஷெங்கனில் இருக்கிறது, ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்கக் கூட்டில் இல்லை. மிலானிலிருந்தோ பாரிஸிலிருந்தோ ரயிலில் சுவிட்சர்லாந்து போனால் பாஸ்போர்ட்டை வழக்கமாக யாரும் கேட்பதில்லை, ஆனால் என்ன வாங்கி வருகிறீர்கள் என்று கஸ்டம்ஸ்காரர் கேட்க முழு உரிமை உண்டு. 2025 ஜனவரி முதல் அங்கே ஒரு ஆளுக்கு 150 பிராங்க் மதிப்பு வரைதான் வரியில்லை, அதற்கு முன் 300 ஆக இருந்தது. பழைய தகவலை நம்பிப் போகிறவர்கள் இதில் மாட்டுவார்கள்.

இன்னொன்று, வரிச்சலுகை வரம்பு நீங்கள் எதில் வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தும் மாறும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து விமானத்திலோ கப்பலிலோ வந்தால் 430 யூரோ வரை பொருள் கொண்டுவரலாம், ரயிலில் வந்தால் 300 யூரோதான். 400 யூரோ கேமரா ஒன்றை இரண்டு பேர் கணக்கில் பாதி பாதியாகப் பிரித்துக் காட்டவும் முடியாது, ஒரு பொருள் ஒரு ஆளின் கணக்கில்தான் வரும்.

காகிதங்கள்

விசாவைப் பற்றி நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். ஏர்போர்ட்டில் இருப்பது போல 'டிரான்சிட்' பகுதி ரயிலில் கிடையாது. ஒரு நாட்டைச் சும்மா கடந்துபோகிறோம், இறங்கவே மாட்டோம் என்றாலும் ரயில் அந்த மண்ணில் ஓடினால் நீங்கள் அந்த நாட்டுக்குள் இருக்கிறீர்கள், அதற்கான அனுமதி கையில் இருக்க வேண்டும். ரஷ்யாவிலிருந்து கலினின்கிராட் போகும் ரயில் லித்துவேனியா வழியாகப் போவதால், சொந்த நாட்டின் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குப் போகும் ரஷ்யர்களுக்கே அதற்கென்று தனி ஆவணம் 2003 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆகவே ரயில் போகும் பாதையை மேப்பில் முழுக்கப் பாருங்கள், ஏறும் ஊரும் இறங்கும் ஊரும் மட்டும் போதாது.

அதைவிட வேதனையான சிக்கல் ஒற்றை நுழைவு விசாவில் வரும். நீங்கள் இருக்கும் நாட்டுக்கு ஒரு முறை நுழையும் விசா மட்டும் வைத்திருக்கிறீர்கள், ரயிலில் ஏறி வெளியேறும் முத்திரை வாங்கிவிட்டீர்கள், அடுத்த நாடு உங்களை ஏற்க மறுக்கிறது என்று வையுங்கள். திரும்பி வருவதற்குப் பழைய விசா செல்லாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பிளாட்பாரத்தில் நிற்க வேண்டியதுதான். இடையில் பக்கத்து நாட்டுக்கு ஒருநாள் போய்வருவோம் என்ற எண்ணம் கொஞ்சம் இருந்தாலும் விண்ணப்பிக்கும்போதே பல நுழைவு விசாவாகக் கேட்டுவிடுங்கள்.

பல நாடுகள் இப்போது வருகைப் படிவத்தை ஆன்லைனுக்கு மாற்றிவிட்டன, ரயிலில் வருகிறவர்களுக்கும் அது பொருந்தும். சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றுமே (தாய்லாந்து 2025 மே 1 முதல்) வந்து சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பச் சொல்கின்றன. மூன்றுமே இலவசம். பணம் கேட்கிற தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் இல்லை, மூடிவிட்டு வெளியே வாருங்கள். நிரப்பியதும் வரும் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், ஏனென்றால் எல்லைக்குப் பக்கத்தில் ஒரு நாட்டு சிக்னல் போய் அடுத்த நாட்டு சிக்னல் வராத அந்த இடைவெளியில்தான் அதிகாரி கேட்பார். தங்குமிட புக்கிங், திரும்பும் டிக்கெட், இன்ஷூரன்ஸ் எல்லாவற்றுக்கும் இதே பேச்சுதான். காகிதத்தில் ஒரு பிரதியும் ஒரு பேனாவும் வைத்திருப்பவர்கள் வரிசையில் வேகமாக நகர்வார்கள்.

ஐரோப்பாவுக்கு என்றால் 2025 அக்டோபர் 12 அன்று தொடங்கிய புதிய நுழைவு - வெளியேற்றப் பதிவு முறையையும் சேர்த்து யோசியுங்கள். ஐரோப்பியர் அல்லாதவர்கள் முதல் முறை நுழையும்போது முகப் படமும் கைரேகையும் எடுக்கிறார்கள், அதனால் வரிசை மெதுவாகலாம். 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம் என்ற கணக்கையும் இனி கம்ப்யூட்டரே கூட்டிக்கொள்ளும்.

பழைய ஷெங்கன் முத்திரை உங்கள் பாஸ்போர்ட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். மேலே ஒரு மூலையில் நாட்டின் எழுத்து, இன்னொரு மூலையில் உள்ளே அல்லது வெளியே காட்டும் அம்பு, நடுவில் தேதி, கீழே எந்தச் சோதனைச் சாவடி என்ற பெயர், அதோடு பொடியாக ஒரு படம். விமானத்தில் வந்தவருக்கு விமானம், ரயிலில் வந்தவருக்கு ரயில் எஞ்சின். முத்திரை வைக்கிற எந்த நாட்டிலும் இதே போல ஒரு நொடி நின்று தேதியும் அம்பும் சரியா என்று பாருங்கள், அதிகாரி அடுத்த ஆளிடம் போவதற்கு முன். நுழைந்த முத்திரை இல்லாமல் ஒரு நாட்டிலிருந்து வெளியேற முயல்வது எவ்வளவு பெரிய தலைவலி என்பது அதில் சிக்கியவர்களுக்குத்தான் தெரியும், ராத்திரி ரயிலில் தூக்கக் கலக்கத்தில் இருப்பவர்களுக்கு இது நேர வாய்ப்பு அதிகம்.

பையில் என்ன இருக்கிறது?

மதுவும் சிகரெட்டும் எல்லோருக்கும் நினைவிருக்கும். மாட்டிக்கொள்வது பெரும்பாலும் சாப்பாட்டிலும் மருந்திலும்தான். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து இறைச்சியோ பாலோ கலந்த எதையும் பயணிகள் பொதுவாக உள்ளே கொண்டுபோகக் கூடாது, குழந்தைகளுக்கான பால் பவுடர் போன்ற சிலவற்றுக்கு மட்டும் அளவோடு விலக்கு. லண்டனில் வாங்கிய ஹாம் சாண்ட்விச்சைப் பாரிஸ் போய்ச் சாப்பிடலாம் என்று எடுத்துப்போவதும் இதில் அடங்கும். எதிர்த் திசையிலும் 2025 ஏப்ரலில் பிரிட்டன் ஐரோப்பாவிலிருந்து மாடு, ஆடு, பன்றி இறைச்சியையும் பால் பொருட்களையும் சொந்தத் தேவைக்குக்கூடக் கொண்டுவரத் தடை போட்டது, கால்நடைகளுக்குப் பரவும் கோமாரி நோய்தான் காரணம். அமெரிக்கா - கனடா ரயில்களில் பழங்களைப் பற்றிக் கேட்பார்கள். எல்லை வருவதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுங்கள், முடியாவிட்டால் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். வாயால் சொன்ன பொருளைப் பெரும்பாலும் குப்பையில் போடச் சொல்வார்கள், அவ்வளவுதான். இல்லை என்று சொல்லி அவர்களே கண்டுபிடித்தால் அபராதம்.

மருந்துகளை வாங்கிய அட்டையோடும் பெட்டியோடும், டாக்டர் சீட்டோடும் வையுங்கள். இட மிச்சத்துக்காக எல்லா மாத்திரையையும் ஒரே டப்பாவில் கொட்டிவைப்பது வீட்டுக்குள் சரி, எல்லையில் சரிப்படாது. கோடீன், டிரமடால் போன்றவை கலந்த வலி மருந்துகள், தூக்க மாத்திரைகள் இவற்றுக்குப் பல நாடுகளில் முன் அனுமதி வேண்டும். எலக்ட்ரானிக் சிகரெட்டை சிங்கப்பூரும் தாய்லாந்தும் அடியோடு தடை செய்திருக்கின்றன, பையின் அடியில் மறந்து கிடந்தது என்ற விளக்கம் உதவாது. சிங்கப்பூரில் சிகரெட்டுக்கு வரிச்சலுகை அளவு என்று ஒன்றே கிடையாது, ஒரு பாக்கெட்டாக இருந்தாலும் டிக்ளேர் பண்ணி வரி கட்ட வேண்டும்.

ரொக்கம் அதிகம் கொண்டுபோனால் குற்றமில்லை, சொல்லாமல் கொண்டுபோவதுதான் குற்றம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 10,000 யூரோ அல்லது அதற்கு மேல், பிரிட்டனில் 10,000 பவுண்டு அல்லது அதற்கு மேல், அமெரிக்காவில் 10,000 டாலருக்கு மேல், சிங்கப்பூரில் 20,000 சிங்கப்பூர் டாலருக்கு மேல் என்றால் எழுதிக் கொடுக்க வேண்டும். வங்கிச் சீட்டையும் கூடவே வையுங்கள்.

கடையில் வாங்கிய பொருளுக்குக் கட்டிய வரியைத் திரும்பப் பெறும் படிவம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறும் கடைசி இடத்தில், பொருள் கையில் இருக்கும்போது, கஸ்டம்ஸ் முத்திரை வாங்க வேண்டும். ரயில் எல்லா எல்லையிலும் அதற்காக நிற்காது. ஏறும் ஸ்டேஷனிலேயே கஸ்டம்ஸ் கவுன்ட்டர் இருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், ரயில் எல்லை தாண்டிவிட்டால் அந்தப் பணம் வருவது சந்தேகம்தான்.

கதவைத் தட்டும்போது

ராத்திரி ரயிலில் சோதனை நடக்கும் விதம் முதல் முறை பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும். ரயில் நின்றதும் எஞ்சின் சத்தம் அடங்கும், வெளியே பூட்ஸ் சத்தம், டார்ச் வெளிச்சம் ஜன்னலில் ஓடும். கதவைத் தட்டி விளக்கைப் போடுவார்கள். முதலில் வருகிறவர் பாஸ்போர்ட்டை வாங்கி உங்கள் முகத்தோடு ஒப்பிடுவார், போர்வையை விலக்கி எழுந்து உட்காருங்கள், கண்ணாடியைக் கழற்றச் சொன்னால் கழற்றுங்கள். பிறகு வேறு சீருடையில் ஒருவர் வந்து கீழ் பெர்த்தைத் தூக்கிப் பார்ப்பார், மேலே சாமான் வைக்கும் இடத்தில் டார்ச் அடிப்பார், சில இடங்களில் நாயும் வரும். "இது யார் பை?" என்று ஒவ்வொன்றையும் காட்டிக் கேட்பார். பையைக் கோச்சின் கோடியில் வைக்காமல் கண்ணில் படும் இடத்தில் வைக்கச் சொல்வது இதற்காகத்தான், கேட்ட உடனே கை தூக்க முடிய வேண்டும். உங்கள் பெர்த்துக்கு அடியில் உங்களுக்குத் தெரியாத பை ஒன்று இருந்தால், அதிகாரி வரும் முன்பே கோச் ஊழியரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.

சில ரயில்களில் பாஸ்போர்ட்டைக் கட்டாகச் சேர்த்து ஸ்டேஷன் அலுவலகத்துக்கு எடுத்துப்போய் முத்திரை வைத்துக் கொண்டுவருவார்கள், சில தூங்கும் பெட்டிகளில் ஊழியரே மொத்தமாக வாங்கிவைத்துக்கொள்வார். இது வழக்கம்தான். ஆனால் சீருடையோ அடையாள அட்டையோ இல்லாமல் "நான் சீக்கிரம் முடித்துத் தருகிறேன்" என்று பிளாட்பாரத்தில் வருகிறவரிடம் கொடுக்காதீர்கள். அபராதம் என்று யாராவது பணம் கேட்டால் ரசீது கேளுங்கள், சத்தம் போடாமல், ஆனால் விடாமல். எல்லை ஸ்டேஷனையும் அதிகாரிகளையும் போட்டோ எடுக்க வேண்டாம், பல நாடுகளில் அது தனிக் குற்றம்.

எல்லாவற்றையும்விட இதில்தான் நான் கறாராக இருப்பேன்: கூட வருகிறவரின் சாமானை உங்களுடையது என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். எல்லை ரயில்களில் வியாபாரத்துக்காகச் சாமான் கொண்டுபோகிறவர்கள் நிறைய. ஆளுக்கு இவ்வளவு என்ற வரம்பு இருப்பதால், ஸ்டேஷன் நெருங்கும்போது பக்கத்து பெர்த்காரர் சிரித்துக்கொண்டே இரண்டு சிகரெட் கார்ட்டனையோ துணி மூட்டையையோ நீட்டி, "பத்து நிமிஷம் உங்க பக்கத்துல வைங்க" என்பார். அதுவரை டீயைப் பகிர்ந்துகொண்ட நல்ல மனிதராகவும் அவர் இருக்கலாம். அந்த மூட்டைக்குள் என்ன தைத்து வைத்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, அதிகாரி கேட்கும்போது "என்னுடையது" என்று சொன்ன வாய் உங்களுடையது. போதைப்பொருளுக்கு மரண தண்டனை இருக்கும் நாடுகளுக்கும் ரயில் ஓடுகிறது. "மன்னிக்கணும், முடியாது" என்று சொல்லிவிட்டு ஜன்னலைப் பாருங்கள், மனசு சங்கடப்பட்டால் படட்டும்.

நிறுத்திவைத்தால்

கேள்வி கேட்க உங்களைத் தனியாகக் கூப்பிட்டால் பையை எல்லாம் எடுத்துக்கொண்டே இறங்குங்கள். ரயில் உங்களுக்காக நிற்கும் என்று எந்த உறுதியும் இல்லை. விசாரணை நீண்டால் ரயில் போய்விடும், உங்கள் சாமான் மட்டும் அடுத்த நாட்டில் இறங்கியிருக்கும். எங்கே தங்குகிறீர்கள், எத்தனை நாள், என்ன வேலை என்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். மொழி புரியாவிட்டால் தலையாட்டிவைக்காமல் புரியவில்லை என்றே சொல்லுங்கள், புரியாத காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பொருளைப் பறிமுதல் செய்தால் அதற்கான ரசீதைக் கேட்டு வாங்குங்கள், நுழைவு மறுத்தால் காரணம் எழுதிய காகிதத்தைக் கேளுங்கள், அடுத்த விசாவுக்கு அது தேவைப்படும்.

தொடர் ரயில் பிடிக்க வேண்டியிருந்தால் கடிகாரத்தையும் பாருங்கள். தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் இடையில் ஒரு மணி நேர வித்தியாசம், லாவோஸுக்கும் சீனாவுக்கும் அப்படியே. டிக்கெட்டில் அந்தந்த ஸ்டேஷன் இருக்கும் நாட்டின் நேரம்தான் வழக்கமாக இருக்கும், எல்லையில் சிக்னல் கிடைக்காத போன் பழைய நேரத்தையே காட்டிக்கொண்டிருக்கும். எல்லைக்கு அப்புறம் அடுத்த ரயிலுக்குக் குறைந்தது மூன்று மணி நேரமாவது இடைவெளி விட்டு டிக்கெட் போடுங்கள், அன்றைய கடைசி ரயில் என்றால் மறுநாள் காலைக்கு மாற்றிவிடுங்கள்.